பற்றரி என் கையில் இருந்தது

ஆவி, பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் டிவி திருத்தும் கடை வைத்து இருபது வருஷமாகிறது, தானாகப் பாடும் ரேடியோ என்று எத்தனையோ பேர் பயந்துபோய்க் கொண்டுவந்திருக்கிறார்கள், திறந்து பார்த்தால் கரப்பான் பூச்சி இருக்கும், இல்லாவிட்டால் ஈரம் இருக்கும். காரணமில்லாமல் எதுவும் நடக்காது. அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன், நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி.

வன்னியில் சண்டை கடுமையாக இருந்த காலம். சிவபாதம் ஐயா கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர், அம்பிட்டியப் பக்கம் மலையை வெட்டிக் கட்டிய ஒரு வீட்டில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். ஒரே மகன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான், ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லை. அதனால் அந்த வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் செய்திதான். அவர் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, பக்கவாதம், படுக்கையிலேயே இருந்தார். டிவியோ யாரோ பாவித்துவிட்டுக் கொடுத்தது, அவர்கள் கைக்கு வரும்போதே ரிமோட் இல்லை.

"தம்பி, நான் குளிக்கப் போனாலும் அவ சனலை மாத்தேலாமல் கிடக்கிறா. வலக்கை நல்லாத்தான் இருக்கு. எந்த ரீவிக்கும் சரிவாற றிமோட் ஒண்டு இருக்காமே, பாத்துத் தாங்கோ."

அப்படிப்பட்ட ரிமோட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. நம் டிவியின் பெயர் அதன் பட்டியலில் இருக்கிறதா, இல்லாவிட்டால் தானாகத் தேடும் வசதி உண்டா, பாவிப்பவரின் விரலுக்குப் பொத்தான் தோதாக இருக்குமா, இந்த மூன்றும்தான் முக்கியம். பெரிய பொத்தான் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே நான் போனேன். மூன்று நாளாக விடாத மழை.

அம்மாவின் கட்டில் பின்னறையில், மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி இருந்தது. கதவுக்கு நேரே ஹோலில் டிவி. அதன் பெயர் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் ரிமோட்டை நீட்டிப் பிடித்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஓர் இலக்கத்தை அது அனுப்பிப் பார்க்கும், சரியான இலக்கம் போனால் டிவி அணையும். தொண்ணூறு தடவையாவது அழுத்தியிருப்பேன். அணைந்தது.

"பாத்தீங்களா ஐயா, நான் சொன்னேன்ல."

அம்மாவின் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் சனலை மாற்றினார், சத்தத்தைக் கூட்டினார், கோணிய வாயால் சிரித்தார். பிறகு செய்தி தொடங்கியது. கடையில் சோதித்துப் பார்க்கப் போட்ட பழைய பற்றரிகளை மாற்றிவிடலாம் என்று ரிமோட்டை வாங்கி அவற்றைக் கழற்றினேன். இரண்டும் என் இடது கையில் இருந்தன, வெறும் ரிமோட் மடியில் கிடந்தது. அப்போது டிவித் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு வந்து, சத்தம் படிப்படியாகக் குறைந்து பூச்சியத்துக்குப் போனது.

"தம்பி, குறைக்காதைங்கோ. சண்டை நடக்கிற இடங்களின்ரை பேர் சொல்லுறாங்கள்."

"நான் தொடவே இல்லைங்க ஐயா."

அவர் எழுந்துபோய் டிவியிலிருந்த பொத்தானை அழுத்திக் கூட்டினார். மறுபடி குறைந்தது. திரும்பவும் கூட்டினார், திரும்பவும் குறைந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே குறைந்தது. அம்மா சுவரை நோக்கித் தலையைத் திருப்பினார்.

"பின்னாலை என்னவோ கிழியுது."

எனக்கும் கேட்டது. தடித்த துணி மெதுவாகக் கிழிவது போல ஒரு சத்தம், அதோடு சின்னக் கற்கள் உருளும் சத்தம். கண்டியில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயா, அம்மாவத் தூக்குங்க. ஒண்ணும் கேக்காதீங்க."

ஒரு கதிரையில் அம்மாவை வைத்து இருவருமாக மழைக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசல் படலையைத் தாண்டியிருப்போம், பின்னால் மண்மேடு இறங்கியது. பின்னறை போய்விட்டது. கட்டில் இருந்த இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சிவப்பு மண்.

அன்றிரவு அவர்களுடைய உறவினர் வீட்டில் அம்மா அழுதார். "என்ரை பிள்ளை செத்துப்போச்சுது. அதுதான் வந்து காப்பாத்தினது." அப்படியெல்லாம் இல்லை, மகன் இருப்பார் என்று நான் அடித்துச் சொன்னேன். சொன்னது போலவே அடுத்த வருஷம் அவன் முகாமிலிருந்து உயிரோடு வந்தான். அவனுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

நானும் காரணம் தேடாமல் விடவில்லை. பக்கத்து வீட்டு ரிமோட்டாக இருக்குமோ என்றால், மழைக்குக் கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருந்தன. சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் இறுகியிருக்கலாம் என்று, தப்பிய டிவியை மூன்றாம் நாள் கடைக்குக் கொண்டுவந்து திறந்தேன். பொத்தான் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரிமோட்டின் ஒளியை வாங்கும் கண்ணிலிருந்து உள்ளே போகும் கம்பி அறுந்திருந்தது. புதிதாக அறுந்ததல்ல. நுனியில் களிம்பு பச்சையாகப் பூத்து, அதன்மேல் தூசி பல வருஷமாக இறுகியிருந்தது. எந்த ரிமோட்டுக்கும் அந்த டிவி வேலை செய்திருக்க முடியாது. இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை, புதுக் கம்பி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சத்தம் குறைந்ததைக்கூட நான் மறந்துவிடுவேன். அதற்கு முந்திய அரை மணி நேரத்தைத்தான் மறக்க முடியவில்லை. நான் தொண்ணூறு தடவை அழுத்தும்வரை பொறுத்திருந்து டிவியை அணைத்தது யார்? அம்மா சிரித்துச் சிரித்துப் பொத்தானை அழுத்த, ஒவ்வொரு தடவையும் பிந்தாமல் சனலை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது யார்?