க்ரூசர் சீட்டுக்கு ஆம்பூர்த் தோல்

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ராஜேஷ் அண்ணனை எங்கள் தெருவில் பலருக்கும் முதுகு பார்த்துத்தான் பழக்கம். பச்சை ஸ்போர்ட்ஸ் பைக்கின் டேங்க் மேல் கவிழ்ந்து படுத்தபடி பறப்பார், முகம் தெரியாது.

அந்த வண்டியின் பின்சீட் உள்ளங்கை அகலம்தான். அதுவும் உயரத்தில். கல்யாணமான புதிதில் சௌந்தர்யா அக்கா ஒரே ஒரு முறை அதில் ஏறினார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அண்ணன் முதுகில் போய் மோதினார். வீட்டு வாசலில் இறங்கியதும், "இனிமே நீங்க பைக்ல போங்க, நான் பஸ்ல வர்றேன்" என்றார்.

அப்படியேதான் நடந்தது. ஆலங்காயத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு அக்கா பஸ்ஸில் போவார். அண்ணன் முன்னாலேயே போய் டீ குடித்துக்கொண்டிருப்பார். "புருஷன் ஒரு வண்டி, பொண்டாட்டி ஒரு வண்டி. இன்னா குடும்பமோ!" என்பார் அண்ணனின் மாமியார் சவுரியம்மாள். அக்கா சிரித்துவிடுவார். அண்ணனுக்குத்தான் உறுத்தும்.

போன வருடம் பச்சை வண்டியை விற்றுவிட்டு க்ரூசர் பைக் வாங்கினார். நிமிர்ந்து உட்காரலாம், காலை முன்னால் நீட்டிக்கொள்ளலாம். பின்சீட் தாழ்வாக, சோபா மாதிரி. நண்பர் வாஹித் பாஷா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னா தோஸ்த், ரிடையர் ஆய்ட்டியா?"

"இன்னா வேணா சொல்லு. சௌந்தர்யா ஏறுனா போதும்டா."

வாஹித் சொந்தமாகத் தோல் தையல் யூனிட் வைத்திருப்பவர். சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தியதும் முகம் சுளித்தார். "ரெக்சின்! ஆம்பூர்க்காரன் வண்டில ரெக்சினா? மானம் போய்டும்."

ஷூவின் மேல்பக்கத்துக்கு வைக்கும் கறுப்புத் தோலில் சுருக்கமில்லாத பகுதியாகப் பார்த்து அண்ணன் வெட்டினார். வாஹித் இரட்டைத் தையல் போட்டார். சீட் பளபளத்தது.

அடுத்த வாரம் ஆலங்காயத்தில் அக்காவின் சித்தி மகளுக்குக் கல்யாணம். அக்கா சந்தன நிறப் பட்டு, அண்ணன் வெள்ளை வேட்டி. அக்கா தயங்கித் தயங்கித்தான் ஏறினார். வாணியம்பாடி தாண்டியதும் லேசாகத் தூறியது. சர்ச்சில் இறங்கி இருவரும் முன்வரிசைக்கு நடந்தபோது பின்னால் சிரிப்பு கிளம்பியது. பட்டிலும் வேட்டியிலும் ஒரே அளவில் கறுப்பு வட்டம்.

ஷூவில் மேல்தோலுக்கும் காலுக்கும் நடுவே லைனிங் இருக்கும். சாயம் விட்டாலும் அது தாங்கிக்கொள்ளும். சீட்டில் அப்படி எதுவும் இல்லை என்பது இரண்டு தோல்காரர்களுக்கும் தோன்றவே இல்லை.

அண்ணன் முகம் வாடிவிட்டது. பட்டு போனால் போகட்டும், அக்கா இனி எங்கே ஏறப் போகிறார்? சவுரியம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "உடுங்க மாப்ள. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்கன்னு ஊருக்கே முத்திரை குத்திக் காட்டிட்டீங்க!"

அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பூசை முடியும் வரை தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வண்டியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா அம்மாவின் பழைய புடவையை நாலாக மடித்து சீட்டில் விரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்குறீங்க? எடுங்க வண்டிய."

ஊர் எல்லை வரை அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"இன்னாங்க இது, மாட்டு வண்டியா? முறுக்குங்க!"