ஆராய்ச்சி மாற்றாத ஆயில்

அலுவலகத்தில் அவருக்கு ஆராய்ச்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. நஷ்டஈடு கேட்டு வரும் மனுவைப் படித்துவிட்டு ‘கொடுக்கலாம்’ அல்லது ‘கூடாது’ என்று எழுத வேண்டும். அவர் இரண்டையும் எழுதமாட்டார். ‘மேலும் ஆராயப்பட வேண்டும்’ என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார். தீயில் கடையைப் பறிகொடுத்தவன் எதிரில் வந்து நின்றால், “அவசரப்பட்டா ஆகுமா சார்? ரெண்டு பக்கமும் பார்க்கணும்ல?” என்பார். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டம்போலச் சுமந்து திரிந்தார். மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதித்துத்தான் தீரும். இவர் மதிலிலேயே குடித்தனம் நடத்துகிறவர்.

குடித்தனம் என்றதும் அவர் மனைவியைச் சொல்ல வேண்டும். அவள் பிசியோதெரபி செய்கிறவள். இடுப்பெலும்பு முறிந்தவர்கள், பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள், முழங்கால் மாற்றிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பயப்படுகிறவர்கள் ஆகியோரின் வீடுவீடாகப் போய், கையைப் பிடித்து நிற்கவைத்து, நடக்கவைத்துவிட்டு வருவாள். அவள் போகாத நாளில் அவர்கள் படுத்தே கிடப்பார்கள். அதற்காகச் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு ஹைப்ரிட் கார் வாங்கியிருந்தாள். பின்சீட்டில் ஐஸ் பைகள், ரப்பர் பட்டைகள், மடக்கு வாக்கர். அந்தக் கார் நின்றால் அவள் பிழைப்பு நின்றது என்று அர்த்தம்.

அவளுக்கு வலது காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. ஒருநாள் காலை எழுந்தபோது அந்தக் காது அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு டாக்டர் மாத்திரை என்றார், இன்னொருவர் காதுக்குள் ஊசி என்றார். எதுவானாலும் உடனே ஆரம்பித்தாக வேண்டும் என்பதை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். ஆராய்ச்சி குறுக்கே வந்தார். “மாத்திரையா ஊசியான்னு நான் பார்த்துச் சொல்றேன். நீ பேசாம இரு” என்றார். கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்துக் கோடு போட்டுப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது, இனி எதிலும் பலனில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். “நல்லவேளை, தேவையில்லாம ஊசி குத்திக்கலை பாரு” என்றார் அந்த மகானுபாவர்.

அன்றைக்கே அவரை வீட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். நாலு பேரை எழுப்பி நடக்கவைக்கிறவள், தன் காதுக்கு மட்டும் புருஷன் உத்தரவுக்காகக் காத்திருந்தாள். அவளை நினைத்தாலும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அழுதாள், அத்தோடு சரி. அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தாலும் வெளியே போனாலும் நாற்காலியை மாற்றி, இடம் மாற்றி, அவர் எப்போதும் தன் இடது பக்கம் வரும்படி பார்த்துக்கொண்டாள். அவர் சொல்வது காதில் விழ வேண்டுமாம்.

காருக்கு முதலில் கம்பெனியே இலவசமாகச் சர்வீஸ் செய்து கொடுத்தது. அதெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஸ்பானர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

“என்னங்க, ஆயில் மாத்தச் சொல்லி லைட் எரியுது. போற வழியில மெக்கானிக் ஷெட்ல விட்டுடட்டுமா?” என்று கேட்டாள்.

“சிந்தெடிக்கா, சாதாவா?”

“புக்ல சிந்தெடிக்னுதான் போட்டிருக்கு.”

“புக் எழுதினவனும் ஆயில் விக்கிறவனும் கூட்டுக் களவாணிங்க.”

“அப்ப சாதாவையே ஊத்திடலாம்.”

“எடுத்தோம் கவிழ்த்தோம்னு பண்ற காரியமா இது? இது ஹைப்ரிட். பாதி நேரம் பேட்டரியில ஓடுது, இன்ஜின் தூங்குது. தூங்குற இன்ஜினுக்கு எதுக்கு ஒசத்தி ஆயில்? ஆனா ஒண்ணு. அது அடிக்கடி தூங்கி எழுந்திருக்கு. எழுந்த உடனே மூலைமுடுக்கெல்லாம் ஆயில் ஓடணும்னா சிந்தெடிக்தான் வேணும். ரெண்டு பக்கமும் பார்க்கணும்ல? நான் பார்த்துச் சொல்றேன்.”

கடைசி மூன்று சொற்களைக் கேட்டதும் அவள் கை தானாக வலது காதுக்குப் போனது. ஆனாலும் ஷெட்டுக்குப் போகாமல் நேராக வேலைக்குக் கிளம்பினாள்.

ஆராய்ச்சி சாதா ஆயிலில் ஒரு டப்பாவும் சிந்தெடிக்கில் ஒரு டப்பாவும் வாங்கி வந்தார். காரில் ஊற்றுவதற்கல்ல, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பதற்கு. அங்கேதான் அவள் ஐஸ் பைகளும் இருந்தன. மறுநாள் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். சிந்தெடிக் தண்ணீராக ஓடியது. சாதா ஜாம்போல உட்கார்ந்திருந்தது. பச்சைக் குழந்தைக்கும் விடை புரிந்திருக்கும். அவரோ, “நாம என்ன ஃப்ரீசர்லயா குடியிருக்கோம்?” என்று டம்ளர்களைக் கழுவப் போட்டுவிட்டு, அடுத்து இரண்டையும் அடுப்பில் வைத்துக் காய்ச்சினார். வீடு ஷெட் மாதிரி நாறியது. ஃப்ரீசரில் சிந்தியது ஐஸ் பைகளில் பிசுபிசுவென ஒட்டியிருந்தது. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், அவள் ஐஸ் வைத்ததும் மூக்கைச் சுளித்து, “ஏம்மா, என் காலுக்கு கிரீஸ் போடுற அளவுக்கு வந்தாச்சா?” என்று கேட்டார். அவள் அவமானத்தில் குறுகிப்போனாள்.

ஒருநாள் சாவி போட்டபோது மஞ்சள் விளக்கு எரியவில்லை. அவளால் நம்பவே முடியவில்லை.

“மாத்தியாச்சா?” என்றாள்.

“அதைப் பத்தி நீ கவலைப்படாத. எல்லாம் பார்த்துக்கிட்டேன்.”

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று அவருக்குக் கேட்காமலேயே இரண்டாவது காபி வந்தது. தலைமை ஆசிரியரிடம்கூட, “எங்க வீட்டுக்காரர் ஒரு காரியத்தை முடிச்சுட்டார் சார்” என்று பெருமை அடித்துக்கொண்டாள். எந்த ஆயிலை ஊற்றினார் என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம்.

மழைக்காலம் வந்து போனது, வெயில் வந்தது. அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். தலைமை ஆசிரியர் குச்சியோடு வாசல்வரை நடந்துவரத் தேறிவிட்டார். அவர்தான் கேட்டார்.

“என்னம்மா, வண்டி இப்படி லொக்கு லொக்குன்னு இருமுது?”

“இருமுதா சார்?”

“உனக்குக் கேக்கலையா?”

கேட்டுத்தான் இருந்தது. ஆனால் ஒற்றைக் காதுக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போகிற லாரி என்றும், ரோட்டோரத்தில் சுத்தியல் அடிக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நேராக ஷெட்டுக்குப் போனாள். ஷெட் வாசலில் கடைசியாக ஒரு பெரிய இருமல் இருமிவிட்டு வண்டி நின்றேவிட்டது.

மெக்கானிக் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினான். நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் கறுப்பாக ஏதோ இருந்தது. மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தான். தார் வந்தது.

“அக்கா, கடைசியா எப்ப ஆயில் மாத்தினீங்க?”

“போன வருஷம். எங்க வீட்டுக்காரர் மாத்தினார்.”

அவன் வண்டிக்கு அடியில் போய்விட்டு வந்தான். “யாரும் மாத்தலை. ஃபில்டர்ல கம்பெனி சர்வீஸ்ல போட்ட சீல் அப்படியே இருக்கு. ஆயில் மாத்தினா ஃபில்டரையும் மாத்தாம எவன் விடுவான்?”

ஆராய்ச்சிக்குப் போன் போனது. வந்தார், சட்டைப்பையில் பேனாவோடு. வந்தவர் பதறவில்லை. திருடன் அகப்பட்ட மாதிரி விழிக்கவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“மாத்திட்டேன்னு சொன்னீங்களே?”

“மாத்திட்டேன்னு எப்ப சொன்னேன்? பார்த்துக்கிட்டேன்னுதான் சொன்னேன். அந்த லைட் பொழுதன்னைக்கும் கண்ணு முன்னாடி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படி இருந்தா மனுஷன் நிதானமா யோசிக்க முடியுமா? ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சா அணைஞ்சிடும்னு கண்டுபிடிச்சேன். அணைச்சுட்டேன்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். “சார், சிந்தெடிக் ஊத்தியிருந்தா வண்டி ஜம்முனு இருந்திருக்கும். சாதா ஊத்தி அடிக்கடி மாத்தியிருந்தாக்கூட ஓடியிருக்கும். ஒண்ணையும் ஊத்தாம இன்ஜினைக் கொன்னுட்டீங்களே!”

“அதாவது, எதை ஊத்தணும்னு உங்களுக்கே ஒரு தீர்மானம் இல்லை” என்றார் ஆராய்ச்சி, ஜெயித்த முகத்தோடு.

அவள் அவரையே பார்த்தாள். படிய வாரிய தலை, பேனா, ரெண்டு பக்கமும் பார்க்கும் அந்த இரண்டு கண்கள். இத்தனை வருஷம் இவரை நிதானமானவர் என்று நினைத்து, இவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடந்திருக்கிறாள். முட்டாள்கள் மேல் பரிதாபம் வரும். இவர் மேல் அதுகூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நாளைக் காலை எழுந்து நிற்க அவளுக்காகக் காத்திருக்கும் ஐந்தாறு முகங்கள் நினைவுக்கு வந்தன. வாடகை வண்டி பிடித்தாவது போயாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“இதே இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கணும், இல்லை வேற இன்ஜின் வாங்கிப் போடணும்” என்றான் மெக்கானிக்.

ஆராய்ச்சியின் முகம் மலர்ந்தது. “பிரிக்கிறதா, வேற போடுறதா? நல்ல கேள்வி. அவசரப்படாதீங்க. நான் பார்த்துச்…”

“பிரிங்க தம்பி” என்றாள் அவள். “முடிஞ்சதும் சிந்தெடிக் ஊத்துங்க. எது கேக்கணும்னாலும் என் நம்பருக்குப் போடுங்க. இவர்கிட்ட எதையும் கேக்காதீங்க.”

வீடு திரும்ப வாடகைக் கார் வந்தது. எப்போதும் அவள் வலது கதவு வழியாக ஏறி அந்த ஓரத்தில் உட்கார்ந்து, இடது பக்கத்தை அவருக்கு விடுவாள். அன்று இடது ஓரத்து ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்துகொண்டாள். ஆராய்ச்சி சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் ஏறினார். கார் கிளம்பியதும் அவர் பேச ஆரம்பித்தார். பிரிப்பதில் உள்ள சாதகம், வேறு இன்ஜின் போடுவதில் உள்ள பாதகம், பிறகு அப்படியே திருப்பி. வீடு வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. அவள் ஜன்னலை இறக்கிவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தைகூட அவளுக்குக் கேட்கவில்லை.