பாக்கி நின்ற மூன்றாம் தரம்

சத்தியமாக நடந்த கதை இது. என் ஐஸ் சுத்தியல் மேல் ஆணை. ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன்.

சரி, முறைக்காதீர்கள். கொஞ்சம் இழுப்பேன். ஐஸ் உடைக்கிறவன் கையில் ஒன்றைக் கொடுத்தால் அது பத்தாகத்தானே திரும்பி வரும்? எங்கே இழுக்கிறேன் என்று நானே சொல்லிவிடுகிறேன். படகுகள் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள்.

அதோ, கொட்டகையின் அந்தக் கோடியில் இரும்பு ஸ்டூல் மேல் உட்கார்ந்து முட்டை உரிக்கிறாளே, அவள் கதைதான். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சைரன் என்பார்கள். எனக்குச் சைரன் அக்கா. இந்த மீன் ஏலக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக ஏலம் கூவுகிறாள். ஒரு தரம் என்று அவள் கூவினால் தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு அடைகாக்காமலே முட்டை பொரியும். இது இழுப்பு. ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். இது முக்கால் உண்மை.

புதிதாக வந்தவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வாங்குகிறவன் எவனும் வாயைத் திறக்க மாட்டான். காதைத் தொட்டால் விலையில் ஒரு படி ஏற்று என்று அர்த்தம். மூக்கைத் தொட்டால் ஆளை விடு. ஒருத்தரும் ஏற்றாமல் விலை நின்றுவிட்டால் அக்கா ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பாள். நடுவில் யாராவது காதைத் தொட்டால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பம். மூணாவது தரம் எல்லார் காதிலும் விழுந்தால்தான் மீன் விற்றது. விழவில்லையா, கடவுளே வந்து கேட்டாலும் மீன் விற்கவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா நூற்று நாற்பது கிலோ. முழங்கால் இரண்டும் ராஜினாமா கடிதம் எழுதிவிட்டன. அப்போதுதான் முதல் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக்கித் தைத்துவிட்டார்கள். ஸ்லீவ் என்று பேர், அதாவது சட்டைக் கை. ஒன்றரை வருஷத்தில் அறுபது கிலோ இறங்கியது. அக்கா படி ஏறினாள், குனிந்து செருப்பு மாட்டினாள். "என் கால் விரலைப் பாத்து பதினஞ்சு வருஷம் ஆச்சுடா, நல்லாத்தான் இருக்கு" என்று எனக்கே காட்டினாள்.

அப்புறம் போனதில் பாதி திரும்பி வந்தது. வந்தது சும்மா வரவில்லை, கூடவே நெருப்பைக் கூட்டி வந்தது. குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும். படுத்தால் மூக்கு வரைக்கும் ஏறும். நாலு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் நேரே என்னிடம்தான் வருவாள். "ஒரு கை குடுடா." நான் ஐஸ் துண்டு கொடுப்பேன். மென்றுகொண்டே ஸ்டூலில் ஏறுவாள். ஐஸ் பாக்டரி ஓடியதே அவள் தொண்டையால்தான். சரி, தினமும் ஒரு கை, அவ்வளவுதான்.

ஆனால் சைரனில் துரு ஏறிக்கொண்டே வந்தது. பத்துப் பெட்டிக்குப் பிறகு குரல் கீச்சிடும். இருபதுக்குப் பிறகு வெறும் காற்று. அவள் தம்பி, அதோ கணக்கு நோட்டோடு நிற்கிறானே, ஒரு கைமைக்கை வாங்கி வந்து நீட்டினான்.

"அக்கா, இதுல பேசேன். இல்லன்னா என்கிட்ட குடு, நான் கூவறேன்."

"அதை உன் கல்யாணத்துல பொண்ணு தேடறப்ப வெச்சுக்கோ" என்றாள். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

அப்புறம் அந்தச் சூரை மீன் வந்தது. பிடித்து வந்தது அக்காவின் புருஷன் படகு. மாமாவை உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்குப் பதினோரு வார்த்தை பேசுவார், அதில் ஏழு கடலிடம். அவ்வளவு பெரிய சூரை அந்த வருஷம் வேறொன்று வரவில்லை. என்னைவிட நீளம். என்னைவிட அழகு என்றும் சொன்னார்கள், அது பொறாமை.

விலை ஏறியது. ஓட்டல்காரரும் டின் கம்பெனிக்காரரும் மாறி மாறிக் காதைத் தொட்டுத் தொட்டு இரண்டு பேருக்கும் காது சிவந்துவிட்டது. கடைசியில் ஓட்டல்காரர் பேரில் விலை நின்றது.

"ஒரு தரம்!" கீச்சிட்டது.

"ரெண்டு தரம்…" பாதிதான் வந்தது.

மூணாவதற்கு வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். ஒன்றுமில்லை. கொட்டகையில் ஐஸ் உருகுகிற சத்தம் கேட்டது. இதில் இழுப்பே கிடையாது.

தம்பி மைக்கை வாயில் வைத்து "மூ…" என்று ஆரம்பித்தான். அக்கா ஸ்டூலிலிருந்தே எட்டி அவன் கையில் ஒன்று போட்டாள். மைக் போய் நண்டுக் கூடையில் விழுந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, காற்றும் எச்சிலுமாகக் காதில் சொன்னாள்.

"மீனைக் கொண்டுபோய் ஐஸ் ரூம்ல போடு. ஒருத்தனும் தொடக்கூடாது. என் வாயால ஆரம்பிச்சது என் வாயாலதான் முடியும்."

அடுத்த வாரமே இன்னொரு ஆபரேஷன் என்று கிளம்பிவிட்டாள். வீட்டில் பெரிய ரகளை. நான் அங்கே பெட்டி இறக்கப் போயிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை, காது தானாகத் திறந்திருந்தது.

"ஒரு தடவை அறுத்தது பத்தாதா?" என்று தம்பி குதித்தான். "ரெண்டாவது தடவை ஆபத்து ஜாஸ்தியாம். ஒழுங்கா வாயைக் கட்டியிருந்தா இந்த நிலைமை வருமா?"

"தின்னேன். ஒத்துக்கறேன். பிஸ்கெட் பாக்கெட்டோட பேசிக்கிட்டே தின்னேன். அதுக்கு என்ன இப்ப? தின்னவ எரிஞ்சே சாகணும்னு சட்டம் இருக்கா?"

"எடை குறையலன்னுதானே மறுபடி போற?"

"எடை என் உடம்புல இருக்கு, உன் முதுகுலயா இருக்கு? நான் தொண்டைக்குப் போறேன்டா. எடை கூட வந்தா வரட்டும், போனா போகட்டும்."

மாமா வலை தைத்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வரட்டும்" என்றார். அந்த வருஷத்துக் கணக்கில் இரண்டு வார்த்தை கழிந்தது.

டாக்டரிடம் பை தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். மாமா கடலில் இருந்தார், தம்பி மைக்கோடு ஸ்டூலில் இருந்தான். வாய் வழியாகக் காமிரா விட்டுப் பார்த்திருந்தார்கள். உணவுக்குழாய் வெந்து கிடந்தது. குரல் நாண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார்கள். எனக்குப் படம் புரியவில்லை, ஐஸ் பெட்டிதான் புரிந்தது. குறுகலான பெட்டியில் அடியில் தண்ணீர் சரியாக வடியாவிட்டால் என்ன ஆகும்? மேலேதான் பொங்கும். ஸ்லீவ் அந்த மாதிரி. இப்போது என்ன செய்வார்களாம் என்றால், குழாயின் மேல் பக்கத்தில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பை மட்டும் பிரித்து, குடலைக் கொஞ்சம் கீழே வெட்டி மேலே கொண்டுவந்து அந்தப் பையில் சேர்த்துத் தைப்பார்களாம். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும். ஆனால் அதில் ஊறும் அமிலம் கீழே வேறு வழியில் போய்விடும், மேலே ஏறாது. இதற்குப் பேர் பைபாஸ்.

"எரிச்சல் பெரும்பாலும் நின்னுடும்மா" என்றார்கள் டாக்டரம்மா. "ஆனா ஏற்கெனவே ஒரு தடவை தெச்ச இடம். கசிவு வரலாம், ரத்தம் கட்டலாம். ஆயுசு முழுக்க சத்து மாத்திரை போடணும். இனிப்பு சாப்பிட்டா வேர்த்து, படபடத்து, சுருண்டு படுத்துடுவீங்க."

"சரி. குரல் வருமா?"

"அதை மட்டும் நான் உறுதியா சொல்ல முடியாதும்மா." சொல்லிக்கொண்டே கழன்ற தோட்டைத் திருகினார்கள்.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். வெளியே வந்ததும் முகமெல்லாம் பல்.

"பாத்தியாடா? காதைத் தொட்டாங்க!"

"அக்கா, தோடு கழண்டுச்சு…"

"தொட்டாங்களா இல்லையா?"

"தொட்டாங்க."

"அப்ப ஏத்துக்கிட்டாங்க. பேச்சு முடிஞ்சுது."

இத்தனை வருஷமாகக் காதைப் பார்த்தே வாழ்ந்தவளிடம் என்னவென்று வாதாடுவது?

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்கவேண்டுமாம். இரண்டு வாரம் வெறும் நீராகாரம். புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு, "சிமெண்டுல சர்க்கரை போட்டா இப்படித்தான் இருக்கும்" என்றாள். ஆனால் ஒரு பிஸ்கெட் தொடவில்லை. தம்பி வேண்டுமென்றே பக்கத்தில் உட்கார்ந்து தின்றான். அவன் தின்பதை இமைக்காமல் பார்த்தாள். பாக்கெட் பாதியிலேயே அவனுக்குப் புரையேறியது.

ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து டாக்டர், "எண்ணிக்கிட்டே இருங்கம்மா" என்றாராம்.

"ஒரு தரம்" என்றாளாம் அக்கா. "ரெண்டு தரம்." அதோடு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எண்ணுங்கம்மா."

தலையை ஆட்டி மறுத்தாள். மூணு தரம் சொன்னால் விற்றதாகிவிடுமே. அவள் விற்கிற யோசனையில் இல்லை. வாயை மூடிக்கொண்டே மயங்கியிருக்கிறாள்.

முழித்தபோது தொண்டைக்குள் குழாய் போட்ட வலி. இருந்த கொஞ்சக் குரலும் போயிருந்தது. நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை நீட்டினால் அக்கா காதைத் தொடுவாள். வலிக்கு ஊசி என்றால் மூக்கைத் தொடுவாள். நர்ஸ் பயந்துபோய் காதுக்கும் மூக்குக்கும் டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாள். நான்தான் போய் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு நர்ஸ் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி கல்யாணம் ஆகிவிட்டது. இது முழு இழுப்பு.

பதினோரு வாரம். முதலில் தேக்கரண்டிக் கணக்கில் சூப். அப்புறம் குழைத்த முட்டை, அப்புறம் மசித்த மீன். ஒரு நாள் திமிரில் ஒரு கேக் துண்டைத் தின்றுவிட்டு, வேர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தரையோடு தரையாகக் கிடந்தாள். எழுந்து வந்து, "கேக் ஜெயிச்சிடுச்சு. மத்தது ஒண்ணும் ஜெயிக்காது" என்று சீட்டில் எழுதிக் காட்டினாள். எரிச்சல் மூன்றாம் நாளே நின்றிருந்தது. நாலு தலையணையில் மூன்று வேலை இழந்தன. மல்லாந்து படுத்துத் தூங்கினாள். ஆனால் குரல்? குரல் நாண் ஆறட்டும், கத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அவளும் கத்தவில்லை. வருமா என்று யாருக்கும் தெரியாது. கேட்க யாருக்கும் தைரியமும் இல்லை.

இங்கே தம்பியின் மைக் ஏலத்துக்கு நடுவே ஊளையிட்டது. நாய்கள் பதில் சொல்லின. ஐஸ் ரூமில் சூரை மீன் கல்லாகிக் கிடந்தது.

ஒரு விடியற்காலை அக்கா வந்தாள். சட்டை தொளதொளவென்று இருந்தது. நேரே என்னிடம் வந்தாள். பழக்கத்தில் நான் ஒரு கை ஐஸ் நீட்டினேன். மூக்கைத் தொட்டாள். அந்த ஐஸ் அப்படியே என் கையில் உருகியது.

"அக்கா, மைக்கை வெச்சுக்கோ. தொண்டை பத்திரம்" என்றான் தம்பி. இந்தத் தடவை அவன் குரலில் குத்தல் இல்லை, பயம்தான் இருந்தது.

அவள் மைக்கை வாங்கி ஸ்டூலுக்கு அடியில் வைத்து, ஸ்டூலில் ஏறி நின்றாள். நானும் மாமாவும் சூரையைத் தூக்கி வந்து போட்டோம். தரை அதிர்ந்தது. கொட்டகை முழுக்கக் கூடிவிட்டது.

வாயைத் திறந்தாள். காற்று.

மறுபடி திறந்தாள். எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிறீச். டின் கம்பெனிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். எல்லாரையும், ஒவ்வொருத்தராக, முறைத்தாள்.

"மூணு தரம்!"

கூரைத் தகரம் மூன்று கழன்று பறந்தது. நடுக்கடலில் போன கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பியது. சரி, கப்பல் பொய். தகரம் அதிர்ந்தது உண்மை. பழைய குரல் அப்படியே வந்தது என்று சொன்னாலும் பொய்தான். ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு ஒட்டியிருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. மீன் ஓட்டல்காரருக்கு விற்றது. அவ்வளவுதான் கதை, எழுந்திருங்கள், படகு…

"நில்லு" என்றார், இத்தனை நேரம் கதை கேட்டுக்கொண்டிருந்த டின் கம்பெனிக்காரர். "எப்படி விக்கும்? ரெண்டாவது தரத்துக்கு அப்புறம் நான் காதைத் தொட்டேன்."

"யோவ், நீ ஈ ஓட்டின!" என்றார் பக்கத்துப் பெட்டியில் இருந்த ஓட்டல்காரர்.

"என் காது, என் கை. ஈ ஓட்டினேனா ஏலம் கேட்டேனான்னு எனக்குத் தெரியாதா?"

"இத்தனை நாள் கழிச்சு ஈக்கு சாட்சி சொல்ல வந்துட்டான்! இவனே சொல்லட்டும், அன்னிக்கு ஐஸ்கிட்ட நின்னவன் இவன்தானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுத்தியலைப் பார்த்தேன். அப்போது பின்னால் வலை மேல் உட்கார்ந்திருந்த மாமா தொண்டையைக் கனைத்தார்.

"நானும் காதைத் தொட்டேன்" என்றார்.

எல்லார் தலையும் வலைப் பக்கம் திரும்பியது.

"அட, மீனே உங்களுதுங்க!" என்றார் ஓட்டல்காரர். "சொந்த மீனுக்கு விலை ஏத்தினீங்களா? இது மோசடிங்க!"

"அவ மூச்சுக்குத் தவிச்சா. யாராவது ஏத்தினா மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும் இல்ல? கொஞ்சம் நேரம் கிடைக்கும்னு…" மாமா நிறுத்திக்கொண்டார். ஒரு வருஷத்து வார்த்தையும் தீர்ந்துபோயிருக்கும்.

"அப்ப விலை என் பேர்ல நிக்கவே இல்ல! நான் குடுத்த பணம் என்னாச்சு?"

"அப்ப மறுபடி கூவணும்! நான் தொட்டதும் சேரும்!"

"மீனை எப்பவோ வறுத்துத் தின்னாச்சுய்யா, எதைக் கூவறது?"

"முள்ளையாவது கொண்டா!"

தம்பி அக்காவின் ஸ்டூலுக்கு அடியில் கையை விட்டு, அன்றிலிருந்து அங்கேயே கிடக்கும் மைக்கை உருவப் போனான். அந்தக் கோடியில் பாதி உரித்த முட்டை தரையில் விழுந்தது.

"என்னது?" என்று ஸ்டூல் மேலிருந்து சைரன் கிளம்பியது. "யாருய்யா காதைத் தொட்டது? நீயா? எனக்கு நேரம் குடுக்க நீ யாருய்யா? என் ஏலத்துல கள்ளக் கை வெச்சது நீயா!"

மாமா மூக்கைத் தொட்டார்.

"மூக்கை விடுய்யா! வாயைத் திற!"