ஏரி நிறைந்ததும் இணையம் போனது

ஊர் அவளை 'டேங்க் அக்கா' என்றே கூப்பிடும். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் தெருத் தெருவாகத் திறந்துவிடுவது பதினாறு வருடமாக அவள் வேலை. ஏரிக்கு அக்கரையில் இருந்த கல்லூரி தன் வயர்லெஸ் இணையத்தைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் கொடுக்க முடிவெடுத்தது. ஊரிலேயே உயரமான இடம் அந்தத் தொட்டிதான். சாவி அவளிடம் இருந்ததால் அங்கே வைத்த ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

"இந்தப் பெட்டியில பச்சை லைட்டுன்னா நெட் இருக்கு. சிவப்புன்னா எனக்கு ஒரு போன் போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார் கல்லூரியிலிருந்து வந்த இன்ஜினியர்.

கோடை முழுக்கப் பச்சைதான். மழை பெய்து ஏரி நிறைந்த வாரம் தொல்லை ஆரம்பித்தது. காலையில் சிவப்பு, மத்தியானம் பச்சை, சாயங்காலம் மறுபடி சிவப்பு.

"எங்க தெருவுக்கு மட்டும் நெட்டை மூடிட்டீங்களாக்கா? என் பொண்ணுக்கு கிளாஸ் பாதியில போச்சு!" என்று தையல்காரி சண்டைக்கே வந்துவிட்டாள்.

"அது வால்வு இல்லம்மா, மூடுறதுக்கு" என்றாள் அக்கா. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கே சந்தேகம். ஒருவேளை எதையாவது மூடித்தான் விட்டோமோ?

இன்ஜினியர் மூன்று தடவை வந்தார். கேபிளை மாற்றினார், பெட்டியை மாற்றினார். மறுநாள் காலை மறுபடி சிவப்பு. கடைசித் தடவை, "நீங்க எதையும் தொடலையே?" என்று கேட்டார். அது அவளுக்குச் சுருக்கென்றது.

பஸ் ஓட்டும் கணவர், "உனக்கெதுக்கு இந்த வம்பு? சாவியைத் தூக்கிக் கொடுத்துட்டு வா" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. தண்ணீர் திறக்கும் நேரத்தை எழுதும் நோட்டிலேயே ஓரமாகச் சிவப்பு, பச்சை என்று குறிக்கத் தொடங்கினாள். மேலே ஏறும்போது கண்ணில் பட்டதையும் எழுதினாள். இரண்டு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. உடனே போன் போட்டாள்.

"சார், காத்தடிச்சா நெட் வருது. காத்து நின்னா போயிடுது."

"தலைகீழா சொல்றீங்கக்கா. காத்தடிச்சாத்தான் ஆன்டெனா ஆடும், நெட் போகும்" என்று சிரித்தார் அவர்.

ஆனாலும் அதைக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார். மறுநாளே இயற்பியல் டீச்சர் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி மேல் ஏறினார். நோட்டைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார்.

"தண்ணி அசையாம இருந்தா கண்ணாடி மாதிரிம்மா. நேரா வர்ற சிக்னலும் தண்ணியில பட்டு வர்ற சிக்னலும் மோதி, ஒண்ணை ஒண்ணு அழிச்சிடுது. காத்தடிச்சா அலை வந்து கண்ணாடி கலைஞ்சிடும். ஆன்டெனாவை அஞ்சடி கீழே இறக்கிப் பார்க்கலாம்."

"உசரத்துல இருந்தாத்தானே டீச்சர் நல்லா வரும்?"

"எல்லா நேரமும் இல்ல. இறக்கினா ரெண்டு சிக்னலும் வர்ற தூரம் மாறிடும், ஒண்ணை ஒண்ணு அழிக்காது."

இறக்கினார்கள். காற்றே இல்லாத மறுநாள் காலையில் பச்சை எரிந்தது. தையல்காரி வந்து, "கோவத்துல பேசிட்டேன்கா" என்றாள். அக்கா தலையாட்டினாள். ரெண்டு சிக்னல் வந்தால் ரெண்டு மடங்கு அல்லவா இருக்க வேண்டும் என்பதிலேயே அவள் மனம் சிக்கிக்கொண்டிருந்தது.

நோட்டைப் படியெடுத்துக்கொண்ட கல்லூரி, இன்னும் நான்கு ஊர்த் தொட்டிகளில் உள்ள ஆன்டெனாக்களையும் கவனிக்க அவளைக் கேட்டது. சரி என்றாள். அதில் ஓர் ஊரில் இப்போது வியாழக்கிழமை மட்டும் சிவப்பு எரிகிறது. அங்கே ஏரியே இல்லை.