மூட்டத்தில் ஏற ஆள் தேவை: ஒல்லியாக இருக்க வேண்டும்

பிள்ளைகளே, வகுப்பில் யாரையாவது ‘ஒல்லிக்குச்சி’ என்று கேலி செய்கிறீர்களா? எண்பத்து மூன்றாம் வருடம் உத்தரகோசமங்கைப் பக்கம் இருந்திருந்தால், அந்த ஒல்லிக்குச்சிக்கு உடனே வேலை கிடைத்திருக்கும். நெருப்பின் மேல் நடக்கிற வேலை. பூக்குழி என்று நினைக்காதீர்கள். அதையாவது ஓடிக் கடந்துவிடலாம்.

அந்த வருடம் மழை பொய்த்தது. வயலில் சீமைக்கருவேலம்தான் செழித்தது. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், வெட்கமும் கிடையாது. கூத்தையாவும் அவன் மனைவி பூமயிலும் கதிர் அரிவாளை வைத்துவிட்டுக் கோடரியை எடுத்தார்கள். பொன்னுச்சாமி என்பவருடைய கரிமூட்டத்தில் கூலி வேலை.

கருவேல விறகை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, வைக்கோல் போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே தீ வைப்பார்கள். விறகு நாள்கணக்கில் புழுங்கிக் கரியாகும். மேலே ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் எல்லாம் சாம்பல். உடனே ஒருவர் ஏறி ஓட்டையை மண்ணால் அடைக்க வேண்டும். கனத்த ஆள் ஏறினால் மூட்டம் உள்வாங்கிவிடும். அதனால் கரி நிறுக்கும் தராசில் வேலையாட்களை நிறுத்து, எடை குறைந்தவரை ஏற்றுவார்கள். ரொம்ப நியாயமான ஏற்பாடு என்பார் பொன்னுச்சாமி. அவர் மட்டும் அந்தத் தராசுப் பக்கம் போனதே இல்லை.

போன மூட்டத்தில் ஏறியவன் கூத்தையா. ஒரு கால் உள்ளே போய் முழங்கால்வரை வெந்தது. இன்னொரு முறை ஏறினால் மனிதர் திரும்ப மாட்டார் என்று பூமயில் பயந்தாள். ஒரு தந்திரம் செய்தாள். புருஷனைக் குண்டாக்குவது!

கேப்பைக்கஞ்சியின் கட்டியெல்லாம் அவன் சட்டிக்குப் போனது.

“நீ குடிச்சியா?”

“அப்பயே குடிச்சிட்டேன். நீங்க குடிங்க.”

அவள் குடித்தது மேலே நின்ற தண்ணீரை. கூத்தையாவின் கன்னம் மெல்ல உப்பியது. “என்னலே, மாமியா வீட்டு விருந்தா?” என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான். நிறைந்த வயிறு அதிகம் விசாரிக்காது.

ஒரு மத்தியானம் மூட்டத்தின் உச்சியில் ஓட்டை விழுந்து சிவப்பாகத் தெரிந்தது. தராசு வந்தது. கூத்தையா ஏறியதும் தட்டு கனமாக இறங்கியது. “தப்பிச்சலே கூத்தையா!” என்றார் பொன்னுச்சாமி. பூமயிலுக்கு மூச்சு திரும்பியது.

“ஏ பூமயிலு, நீ தட்டுல ஏறு பாப்பம்.”

எல்லாரையும்விட அவள்தான் லேசாக இருந்தாள். பாவி மகள், தன்னைக் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தாள்.

“அவள விட்ருங்க. நான் ஏறுறேன்,” என்று கூத்தையா கத்தினான்.

“நீ ஏறுனா மூட்டமே உள்ள போயிரும்லே.”

பூமயில் மண்கூடையோடு ஏறினாள். ஓட்டையை அடைத்தாள். இறங்கும்போது ஓரம் சரிந்து இரண்டு காலும் உள்ளே போயின. இழுத்துப் போட்டார்கள். அந்த மூட்டத்தில் கரி நன்றாக வந்ததாம். எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் கூத்தையா கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து அவள் வாயருகே கொண்டுபோனான். இத்தனை நாளும் தான் குடித்தது யாருடைய பங்கு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்க குடிங்க. எனக்கு ரெண்டு காலும் வெந்துபோச்சே, என்னய இனி யாரு ஏத்தப்போறாக? அடுத்த மூட்டத்துக்கு உங்களத்தான் நிறுப்பாக. எளச்சிராதீக.”

அவன் குடிக்கும்வரை அவள் வாய் திறப்பதாக இல்லை. அழுதுகொண்டே குடித்தான்.