பெயர் ஒட்டாத ஹார்டு டிஸ்க்

மாதா கோயில் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. யாருக்குத் திருமணம், எந்தத் தெருவில் செபக்கூட்டம் என்று சாக்பீஸில் எழுதி வைப்பார்கள். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் கிழவயதில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவனுக்கு எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஆசைதான். டீக்குப் போகும் வழியில் அதன் முன்னால் நின்று, முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகருவேன். படித்து முடித்ததும் எனக்கு ஒரு சிரிப்பு வரும். "இன்னிக்கு எத்தினி வரி, பெருசு?" என்று டீக்கடைக்காரர் கேட்பார்.

அன்றும் அப்படித்தான் சந்தோஷமாக ஆரம்பித்தேன். 'நேற்று மாலை' என்பது சுலபமாக வந்துவிட்டது. 'இறைவனில் இளைப்பாறிய' என்பதற்கு நேரம் பிடித்தது. புதுச் சொல். அழகாக இருக்கிறதே என்று வாய்விட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்கு அடுத்த சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ஆ. ரோ. க்கி. ய. செல்வி. அதன் கீழே, கம்ப்யூட்டர் சர்வீஸ், ஜங்ஷன் ரோடு.

முந்தின நாள் மத்தியானம்தான் அவரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையில் நெஞ்சு வலி என்று நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. கடைக்குள் மேசைக்கு அடியில் இருந்த தகர டின்தான் ஞாபகம் வந்தது.

செல்வி மேடத்தை உங்களில் பலருக்குத் தெரியும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அந்த டின் உங்களில் பலருக்குத் தெரியாது. அதற்குள் இருந்தவை பழைய ஹார்டு டிஸ்க்குகள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும், உள்ளங்கை அகலப் பெட்டி. நீங்கள் எடுத்த படம், எழுதிய கடிதம், ஸ்கேன் செய்த ஆதார் அட்டை, பாஸ்புக்கு எல்லாம் அதில்தான் தங்கும். புது மெஷின் வாங்கும்போது, "பழசை நீங்களே வெச்சிக்கங்க மேடம்" என்று விட்டுப்போவீர்கள். நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அன்றிலிருந்து மேடம்தான் பயந்துகொண்டிருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது சூளையில். பீங்கான் பொம்மை செய்யும் ஒரு யூனிட்டில் எரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை எரிச்சிக் குடுக்க முடியுமாங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அதற்கு வேறு பதிலே கிடையாது. எதை அழிக்க வேண்டும் என்றாலும் சூளையைத்தான் நினைப்போம். சூளைக்குள் போனது பழையபடி திரும்பி வராது என்பது எங்கள் நம்பிக்கை. முதலாளியும் சரி என்றார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் அடுக்கியிருந்த தட்டுக்கு மேலே அந்த டிஸ்க்குகளை வைத்தோம்.

சூடு ஏறியதும் கறுப்பாக ஒரு புகை வந்தது. அது விறகுப் புகை மாதிரியும் இல்லை, எண்ணெய்ப் புகை மாதிரியும் இல்லை. தொண்டையைப் பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடினோம். ஆறிய பிறகு திறந்தால், டிஸ்க்கில் இருந்த அலுமினியம் தண்ணீராக ஒழுகிக் கீழ்த்தட்டில் இறங்கி, இடையனும் மாடும் ஆடும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"ஏம்மா, நான் குடில் எரிக்க வெச்சனா, கூட்டுக் குடும்பம் எரிக்க வெச்சனா?" என்று முதலாளி கத்தினார்.

மேடம் பொம்மையைப் பார்க்கவே இல்லை. "உள்ள கண்ணாடி மாதிரி தகடு இருக்கும், அது போயிடுச்சாங்க?" என்று என்னிடம் கேட்டார். போய்விட்டது என்று காட்டினேன். அப்போதுதான் மூச்சு விட்டார். அப்புறம்தான் இருமிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார். "இந்தப் புகை விஷமாச்சே, நான் யோசிக்காம வந்துட்டேனே" என்று ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர் ஒரு டிஸ்க்கையும் நெருப்பில் போடவில்லை.

எனக்குச் சூளை வெக்கை ஒத்துக்கொள்ளாமல் போனபோது அவர் கடையிலேயே சேர்ந்தேன். ஷட்டர் திறப்பது, பெருக்குவது, டிஸ்க் உடைப்பது என் வேலை. "அண்ணே, ஸ்டிக்கர்ல பேர் எழுதக் கத்துக்கங்க, என் பாதி வேலை முடிஞ்சிடும்" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை மாலை வகுப்புக்குத் துரத்தினார்.

எதற்கு இத்தனை பயம் என்று ஒரு நாள் கேட்டேன். "எல்லாரும் அழிச்சிட்டுதானே மேடம் குடுக்கறாங்க?"

"அழிக்கறதுன்னா என்னான்னு நெனைக்கறீங்க? வூட்டு வாசல்ல இருக்குற பேர்ப்பலகையக் கழட்டுறாங்க. ஆளு உள்ளாறதான் குந்தியிருக்கான். தெரிஞ்சவன் கதவைத் தட்டுனா எழுந்து வருவான்."

அவர் அதைச் சும்மா சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கதை அது. பெயரும் ஊரும் எழுத மாட்டேன். அவளுடைய அப்பா பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டார். அதை வாங்கிக்கொண்டு போன ஒருவன், டிஸ்க்கில் அழித்திருந்த படங்களைத் திரும்ப எடுத்துவிட்டு, அவளுக்கே போன் செய்து மிரட்டினான். அவள் மேடத்தின் கடைக்கு வந்து நின்ற நிலையை நான் பார்த்தேன். சொல்ல வாய் வராமல், போனை மட்டும் நீட்டினாள்.

வீட்டில் போலீசுக்குப் போக வேண்டாம் என்று அழுதார்கள். மேடம் காயலான் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு, எங்கெங்கோ விசாரித்து, அவன் வீட்டு வாசலில் போய் நின்று, அந்த டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். படங்களை எல்லாம் தன் போனிலிருந்தும் அழித்துவிட்டதாக அவன் சத்தியம் செய்தானாம். "அழிச்சேன்னு சொல்றான். அழியறது எப்பிடின்னு எனக்குத் தெரியுமே அண்ணே" என்றார். அவன் மறுபடி கூப்பிட்டால் போலீசில் காட்டுவதற்குச் சாட்சி வேண்டும் என்று, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு அதை டின்னில் வைத்தார். நான் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு ஆசையாகப் போனேன். தடுத்துவிட்டார். "இதுக்கு வேணாம். பேர் போட்டா எவன் கண்ணுலயாவது படும்." அப்புறம் அவன் கூப்பிடவில்லை. ஆனாலும் கடை போன் அடிக்கும்போதெல்லாம் மேடத்தின் கை ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் எடுக்கும்.

உடைப்பதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சொந்தக்காரரைக் கேட்காமல் உடைக்கக் கூடாது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். "ஒடச்சிப் போடுங்க, ஒண்ணும் இல்ல" என்றார். மேடம், "ஒரு தடவ பாத்துடுங்க" என்று மாட்டிக்கொடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். யார் வீட்டு டிஸ்க்கைத் திறந்தாலும் அப்படித்தான். "அடுத்தவங்க பீரோ அண்ணே அது" என்பார். கொஞ்ச நேரத்தில் இறந்துபோன ஒரு பெரியவர் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. அவருடைய அப்பாவாம். அந்த மனிதர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த அதட்டலைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

உடைக்கும் முன் ஈரச் சாக்கில் சுற்ற வேண்டும் என்பது இன்னொன்று. லேப்டாப் டிஸ்க் ஒன்றை நான் வெறுமனே வைத்து சுத்தியலால் போட்டேன். உள்ளே இருந்த தகடு கண்ணாடி. சில்லுச் சில்லாகத் தெறித்து ஒன்று என் புருவத்தில் ஏறியது. மேடம் என் கண் இமையை விரித்துப் பிடித்துப் பார்த்தார். "படிக்கக் கத்துக்கிட்ட கண்ணு அண்ணே, பத்திரம்" என்றார்.

அடக்கம் முடிந்ததும் ஓசூரிலிருந்து வந்திருந்த அவர் தம்பி கடையைக் காலி செய்ய ஆரம்பித்தார். நல்ல மனிதர். அவருக்கு லீவு இல்லை. காயலான் கடைக்காரர் வண்டியோடு வந்து நின்றார்.

"இன்னாண்ணே இந்த டின்னு, இந்தக் கனம் கனக்குது?" என்றார் தம்பி.

"டிஸ்க்குங்க தம்பி. அத விக்கக் கூடாது."

"செத்துப்போன கம்ப்யூட்டரு இரும்பு. இத வெச்சி நான் என்னா பண்றது? நீங்க தூக்குங்க பாய்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பெருசு, உங்களையும் சேத்து எடை போட்டுக்கவா?" என்றார் காயலான் கடைக்காரர்.

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு நடுங்குவதில் டின் மூடி கடகடவென்று ஆடியது. அதைப் பார்த்துத்தான் தம்பி வண்டியைத் திருப்பி அனுப்பினார் என்று நினைக்கிறேன். மேடம் சொன்னதை எல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். சொந்தக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளும்படி பங்குச்சாமியார் ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார். பெயர் ஒட்டியிருந்ததை எல்லாம் நான் வாசித்து வாசித்துக் கொடுத்தேன். நீங்கள் வந்து வாங்கிப் போனீர்கள். உடைக்கச் சொன்னவர்களுக்கு எதிரிலேயே உடைத்தேன்.

கடைசியில் டின்னின் அடியில் பெயர் ஒட்டாதவை நான்கு கிடந்தன. நான்கும் ஒரே மாதிரி.

அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. "இனிமே அதப் பாத்துக்க ஆளு இல்ல தாத்தா. ஒடச்சிடுங்க" என்றாள்.

"எதுன்னு தெரியலியே கண்ணு."

தம்பி, "இதுல என்னா இருக்குது, மாட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். நாங்க எல்லாரும் வெளிய நிக்கறோம், நீயே பாரும்மா" என்றார். அவள் மெஷின் வரை போனாள். கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. "மறுபடியும் அது தெரையில வந்தா நான் தாங்க மாட்டேன். வேற யாரும் பாக்கவும் வேணாம்" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நாலையும் ஒடச்சிட வேண்டியதுதான்" என்றேன்.

அப்போது தம்பி, என்னிடம் இல்லை, தனக்குத் தானே கேட்பது போல, "அக்கா தன்னோடதுக்குப் பேர் ஒட்டியிருக்குமா?" என்றார்.

எனக்குத் தெரியும். கடைக்கு வந்ததற்குத்தான் ஸ்டிக்கர். தன்னுடையதுக்கு மேடம் ஒட்டியதில்லை. வெள்ளத்தில் அவர்கள் வீட்டு ஆல்பம் ஊறிப்போவதற்கு முன்பே, அம்மா அப்பா படம், சின்ன வயதில் அக்காளும் தம்பியும் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் வெள்ளை உடுப்பில் நின்ற படம் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அது அந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறு பிரதி இல்லை என்று தம்பிக்கும் தெரியும். அந்த நான்கையும் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முதுகில் சிறிய எழுத்துகள்தான். நானும் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ்.

இவர் மாட்டேன் என்றால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று எனக்கு ஒரு பயம். சரி என்றால் இவர் என்ன ஆவார் என்று இன்னொரு பயம். அவள் தலை நிமிராமல், "உங்களோடது இருந்தா வேணாம் அண்ணே, நான் போயிட்டு வரேன்" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தம்பி அவளையே பார்த்தார். அப்புறம் என்னிடம், "சாக்கு எங்கண்ணே இருக்குது?" என்று கேட்டார்.

அவரே குழாயடிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தார். நான்கையும் வைத்துச் சுற்றி, ஓரங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் அடியை அந்தப் பெண் அடித்தாள். அடுத்ததை எல்லாம் நான் அடித்தேன். சூளை வாயில் நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும், இது அவளுடையதா, இல்லை வெள்ளை உடுப்புப் போட்ட அந்த இரண்டு பிள்ளைகளா என்று கேட்டுக்கொண்டேன். தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் சாக்கை விடவில்லை. தகடுகள் தூளான பிறகு இரும்பை மட்டும் காயலான் கடைக்காரரிடம் கொடுத்தோம்.

ஊருக்குப் புறப்படும்போது தம்பி கேட்டார். "உங்க போன்ல அக்கா போட்டோ ஏதாவது இருக்குதாண்ணே?" என்னுடையது பட்டன் போன். ஆதார் அட்டையில் இருக்கும் படத்தைத்தான் பெரிதாக்கி முப்பதாம் நாளுக்கு வைத்தார்கள். அது அவர் மாதிரியே இல்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய பயம் இருக்கிறது. வீதியில் யாராவது பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு காயலான் கடைப் பக்கம் போனால், தெரியாதவராக இருந்தாலும் ஓடிப்போய் மறிக்கிறேன். அடுத்தவர் வீட்டுப் பெண்ணுக்காக நடுங்குவதற்கு எனக்கு இந்த வயதில் கற்றுக்கொடுத்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

இதை எழுதி முடிக்க எனக்குப் பல காலைகள் ஆயின. எழுத வந்ததே ஒன்று கேட்கத்தான். உங்கள் வீட்டுப் பரணில், பீரோ மூலையில் பழைய டிஸ்க் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலோ, திருவிழாத் தேரடியிலோ, பந்தியின் கடைசி வரிசையிலோ, கேமரா வருகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பெண் நின்றிருப்பார். பாதி முகம் தெரிந்தாலும் போதும். அதைத் தனியாக எடுத்து அவர் தம்பிக்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் டிஸ்க்கை என்னிடம் கொண்டுவாருங்கள். சாக்கை நனைத்து வைக்கிறேன்.