ஹார்ன் தாளைத் திருத்தியவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்றும் தெரியும். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது. எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு மதியம் ஒரு மண்டபத்தில் கூடி வாசிப்போம். அந்தக் காலத்து ராக் பாட்டுகளை வயலினுக்கு, செல்லோவுக்கு, ஊதுகிற பித்தளை ஹார்னுக்கு என்று பிரித்து எழுதிக் கொடுப்பது ஏழு வருஷமாக என் வேலை. அப்புறம் சுபாங் ஜெயாவிலிருந்து தினேஷ் என்ற பையன் வந்து சேர்ந்தான். கிட்டார் தனியாக அழுகிற இடத்தை ஹார்னுக்குக் கொடுத்து ஒரு பாட்டை எழுதிக்கொண்டு வந்தான். தாளைப் படித்ததுமே எனக்கு வயிறு எரிந்தது, ஏழு வருஷத்தில் எனக்குத் தோன்றாதது அது. கச்சேரிக்கு அவனுடையதா என்னுடையதா என்று அந்த ஞாயிறு வாசித்துப் பார்த்து முடிவு செய்வதாக இருந்தது.

ஹார்னுக்கு ஒரு வழக்கம் உண்டு. பியானோவின் 'சி' ஒலிக்க வேண்டுமென்றால் அதற்கு 'ஜி' என்று மாற்றி எழுதித் தர வேண்டும். தினேஷ் அதை மாற்றாமல் எழுதியிருந்தான். தாள்களை அச்செடுத்துக் கொடுப்பவள் நான்தானே, நானும் மாற்றாமல் அப்படியே அச்செடுத்து, ஹார்ன் வாசிக்கும் செல்வம் அங்கிளிடம் சனிக்கிழமையே கொடுத்துவிட்டேன். கேட்கவே நாராசமாக இருக்கும், பழி தினேஷ் மேல் விழும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு கிள்ளானில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். பன்னிரண்டரைக்கு நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிற வீடியோகூட இருக்கிறது. அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் பிடித்து மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் நுழைகிறேன், தினேஷின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஹார்ன் வருகிற இடம் வருகிறது, நம்பினால் நம்புங்கள், ஒரு சுரம் பிசகவில்லை. எனக்கே கண் கலங்கியது, அதுதான் கொடுமை.

இடைவேளையில் அங்கிளிடம் போனேன். "அங்கிள், பேப்பர் சரியா இருந்துச்சா?"

"நீதானேம்மா பன்னண்டரைக்கு வந்து, பக்கத்துல உக்காந்து பென்சில்ல திருத்திக் கொடுத்த? இதே பச்சப் புடவதான் லா. அதுக்குள்ள மறந்துட்டியா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே பென்சிலில் சரியான எழுத்து. என் கையெழுத்து.

தினேஷ் வந்து, "தேங்க்ஸ் கா, வேற யாராச்சும்னா கண்டுக்காம விட்டிருப்பாங்க" என்றான்.

கச்சேரிக்கு அவனுடையதைத்தான் எடுத்தார்கள். ஆனால் அவன் மேல் எனக்கு இப்போது பொறாமை கிடையாது. அது மொத்தமும் அவள் மேல் போய்விட்டது, என் புடவையில் வந்து, நான் செய்யாத நல்லதைச் செய்துவிட்டுப் போனவள் மேல். போன வாரம்கூட அங்கிள் கேட்டார்.

"அன்னிக்கு எவ்வளவு நல்லா சிரிச்சுப் பேசின. இப்ப ஏம்மா மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க?"